பதின்மூன்று விநாடி

2025 மே 11, ஞாயிறு

சுபஹ் தொழுதுவிட்டு நடக்கக் கிளம்பினேன். முழங்காலுக்காக டொக்டர் சொன்ன அரை மணி நேரம். களியோடைப் பாலத்துப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் நாலு தடவை ரோட்டில் இறங்க வேண்டி வந்தது. ஓரிடத்தில் வடிகான் மூடி உடைந்து கிடந்தது. ஓரிடத்தில் தயிர்ச்சட்டி அடுக்கிய மேசை. அப்புறம் ஒரு லொறி. எங்கள் ஒழுங்கை முகப்பில், வீடு கட்டக் கொட்டிய மணல். நான் இறங்கும்போது பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள், நான் அவர்களுடைய வளவுக்குள் புகுந்துவிட்ட மாதிரி.

இந்த ரோடுதான் ஏ4. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி மட்டக்களப்புக்குப் போகிறது. ஏ தர வீதிகளில் இதுதான் நீளமானது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, எங்கள் ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்கள் இதன் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. கொழும்பு பஸ்காரருக்கு இது பயணத்தின் கடைசித் துண்டு, விரட்டுவார். எங்களுக்குப் பள்ளிக்கும் மீன் சந்தைக்கும் போகிற பாதை.

இரவுச் செய்தி முழுக்கக் கொத்மலை. கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் விடியற்காலையில் பள்ளத்தில் விழுந்து 20க்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். உம்மா தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னா.

மே 12, திங்கள்

வெசாக் போயா. இன்றிலிருந்து 18 வரை ஐக்கிய நாடுகளின் வீதிப் பாதுகாப்பு வாரமாம். இந்த முறை எடுத்துக்கொண்டதே நடப்பவரையும் சைக்கிள்காரரையும்தான். உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் சாகிறார்கள், அதில் நாலில் ஒன்றுக்கு மேல் இந்த இரண்டு வகை ஆட்கள். பஸ் கவிழ்ந்தால் நாடு அழுகிறது. கடக்கப்போன கிழவர் அடிபட்டால், "பார்த்துப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

பேரனைக் கூட்டிக்கொண்டு பள்ளி ஒழுங்கையில் உடைந்த மூடிகளை எண்ணினேன். ஒன்பது. அவன் பத்து என்கிறான்.

மே 14, புதன்

உம்மாவுக்குக் கடற்கரைப் பக்கம் ராத்தா வீட்டுக்குப் போக வேண்டும். மஞ்சள் கோட்டில் நின்றோம். கோடு இப்போது வெள்ளை, ஆனால் ஊர் வாயில் மஞ்சள் கோடுதான். கையைப் பிடித்தேன்.

"கையப் புடிக்காத மனே, நான் என்ன கிழவியா?" வயது 84.

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்குப் பழக்கம் போகுமா? மறுபக்கம் போய்ச் சேர உம்மா 13 விநாடி எடுத்தா. ஊருக்குள் கார்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வருகிற வாகனம் 13 விநாடியில் 180 மீற்றர் வந்துவிடும். அதாவது உம்மா காலை எடுத்து வைக்கும்போது 180 மீற்றருக்குள் ஒன்றுமே இருக்கக் கூடாது. அவவின் கண் தூரம் அதில் பாதி கூட இல்லை. ஓரத்தில் லொறி நின்றால் எனக்கும் தெரியாது. வேகம் 30 ஆனால் அதே 180 ஏறக்குறைய 108 ஆகிறது. நடு ரோட்டில் நின்று மூச்சு விட ஒரு திட்டு கட்டினால் ஒரு தடவைக்கு ஏழு விநாடி போதும், ஒரு பக்கத்து வாகனத்தை மட்டும் பார்த்தால் போதும். இதைத்தான் ஒரு மனுவாக எழுதப் போகிறேன்.

திரும்பும்போது ஓட்டோக்காரத் தம்பியிடம், கோட்டில் ஆள் நின்றால் நிறுத்தலாமே என்று கேட்டேன். என்னிடம் படித்த பையன்.

"நான் நிப்பாட்டுவன் சேர். பின்னால வாற பஸ் நிப்பாட்டுமா? என்னைத்தானே அடிக்கும்."

பதில் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் நல்லவராக இருந்து தீர்கிற காரியம் இல்லை, எல்லா வாகனத்தையும் இழுத்து மெதுவாக்க ரோட்டிலேயே ஏதாவது இருக்க வேண்டும்.

மே 15, வியாழன்

6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வென்ற ஒருவரைப் பார்த்தேன். பெரிய ரோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது, ஒழுங்கைதான் பிரதேச சபையினுடையது என்றார். சரிதான். அப்படியென்றால் ஒழுங்கை மூடியை நாங்கள் வார்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "வாருங்க சேர்" என்றார். பெரிய ரோட்டுக்கான மனுவைத் தமிழில் எழுதிச் சிங்களத்தில் ஒரு பிரதியும் வைத்தேன்.

மே 16, வெள்ளி

குத்பாவில் பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது பற்றிப் பேசச் சொல்லியிருந்தேன். கத்தீப் அருமையாகப் பேசினார். வெளியே வந்தால் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள். பள்ளிக்கு நடந்து வருவதன் நன்மையைக் கேட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போகிறார்கள். கத்தீப்பும் அப்படித்தான் போனார்.

மே 17, சனி

ரோட்டு வேண்டாம் என்று கடற்கரைக்குப் போனேன். வாப்பா கரைவலைக்காரர். விடியக் காலையில் மணலில் மைல் கணக்கில் நடப்பார், ஹோர்ன் கேட்காத நடை. டென்மார்க் கடனில் கட்டிய ஒலுவில் துறைமுகத்தை 2013 செப்டெம்பர் 1இல் திறந்தார்கள். கரையோரமாக வடக்கே நகர்கிற மணலை அலைதடுப்புக் கல் மறித்தது. தெற்கே மணல் ஏறியது, வடக்கே கரை அரிந்தது. தென்னைகள் வேரோடு போயின. துறைமுக வாயே மண் அடைத்துப் படகுகள் தவித்ததை ஊரே பார்த்தது. எனக்கு வாப்பாவின் பாதைதான் நினைவுக்கு வந்தது. அது கடலுக்குள் போய்விட்டது, மிச்சம் இருப்பது ஏ4.

பின்னேரம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ரோட்டோரம் இடது பக்கமாகக் கூட்டமாய் நடந்தார்கள், முதுகை வாகனத்துக்குக் காட்டிக்கொண்டு. நடைபாதை இல்லாத இடத்தில் வலது பக்கம், எதிரே வருவதைப் பார்த்தபடி நடங்கள் என்றேன். ஒரு பிள்ளை "ஓம் சேர்" என்று மாறினாள். மற்றவர்கள் ஃபோனில்.

மே 18, ஞாயிறு

ஐந்து பேர் வந்தார்கள். கம்பி கட்டி மூன்று மூடி வார்த்தோம். ஈரச்சாக்குப் போட்டு வளவில் கிடக்கின்றன, ஒரு கிழமையாவது தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகு ஆறு மிச்சம், பேரன் கணக்கில் ஏழு. மனுவுக்குப் பதில் இன்னும் இல்லை.

ஒழுங்கை முகப்பு மணல் அப்படியே கிடக்கிறது. அது என் மச்சானுடையது. ஒரு கிழமையாக அவரிடம் மட்டும் நான் வாய் திறக்கவில்லை.