மணிமன்றத்துப் பெட்டி

ஜூலை 5, 2025 - சனி

மின்னூலா, அச்சு நூலா என்று யாராவது கேட்டால், நாவலைப் பொறுத்தவரை என் ஓட்டு கிண்டிலுக்குத்தான். கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற வசதியை இனி எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தெலுக் கெமாங் கடற்கரையில் பிற்பகல் வெயிலில் கைப்பேசியைத் திறந்தால் என் முகம்தான் தெரிகிறது. கிண்டிலில் எழுத்து தெரிகிறது. சென்னையில் போன மாதம் வந்த நாவலை, லுக்குட்டில் இந்த வீட்டு ஐந்தடித் திண்ணையில் உட்கார்ந்தபடியே வாங்க முடிகிறது. முன்பெல்லாம் அதே புத்தகம் கப்பலேறி, கோலாலம்பூர்க் கடைக்கு வந்து, அங்கே போகிறவர் யாராவது வாங்கிவந்து தர மாதக்கணக்கில் ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கிறது. "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று ஒரு சொல் வந்துவிட்டால், அது மொத்தமாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். மேலே மிச்சமிருக்கும் இரண்டு சொற்களும் ஆளுக்கொரு ஓரத்தில், நடுவில் வெறும் வெள்ளை. அச்சுக்கோப்பவராக இருந்தால் அந்தச் சொல்லை எங்கே ஒடிக்கலாம் என்று அறிந்து ஒடித்திருப்பார். கவிதையைக் கிண்டிலில் நான் படிப்பதே இல்லை. கவிஞர் முறித்த வரியைக் கருவி வேறு இடத்தில் முறிக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஜூலை 6 - ஞாயிறு

அண்ணன் மகன் சிரம்பானிலிருந்து வந்திருந்தான். அலமாரி துடைக்க உதவியவன், கீழ்த்தட்டிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, இதெல்லாம் இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க? எல்லாந்தான் ஃபோன்லயே கிடைக்குதே" என்றான்.

"தேடிப் பாரு. கிடைச்சதையெல்லாம் ஒரு பக்கமா அடுக்கு. அத நானே தூக்கிக் குடுத்துடறேன்" என்றேன். பெட்டியிலுள்ள நூல்களின் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

பெட்டி அப்பாவுடையது. அப்பா சிலியாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மாலையில் தமிழ் இளைஞர் மணிமன்றத்து வாசகசாலையின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஆறு மணிக்குத் திறப்பார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் வந்து உட்காருவார்கள். ஒருவர் 'தமிழ் நேசன்' நாளிதழை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், நடுவில் நிறுத்தி வாதம் பண்ணுவார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி ஆள் குறைந்த பிறகு லயன் வீடுகளை இடித்தார்கள். வாசகசாலை அலமாரி அங்கேயே கிடந்து உளுத்தது. புத்தகங்களில் முடிந்ததை அப்பா சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஜூலை 9 - புதன்

புலனத்தில் அண்ணன் மகனின் பட்டியல் வந்துவிட்டது. கல்கி, புதுமைப்பித்தன், பாரதிதாசன் எல்லாருக்கும் பச்சைக் குறி. மதுரைத் திட்டத்தில் கிடைக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் கிடைக்கிறது, விக்கிமூலத்தில் கிடைக்கிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு அரசு இவர்களுடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குத் தொகையும் கொடுத்துவிட்டது. யாரும் தட்டச்சு செய்து வெளியிடலாம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது, உலகெங்கும் இருந்த தமிழர்கள் வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பட்டியலின் பின்பாதி முழுக்கச் சிவப்பு. பினாங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அச்சான சிறுகதைத் தொகுப்புகள், கவிதை நூல்கள், தோட்டத்து நாவல்கள். அப்பா வாழ்ந்த வாழ்க்கையை எழுதிய புத்தகங்கள் இவைதான். இவற்றில் ஒன்றுகூட அவனுக்குத் திரையில் அகப்படவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுவரை பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. 1980-இல் ஒருவர் காலமானார் என்றால் 2030 முடியும்வரை கேட்காமல் தொடக்கூடாது. சட்டம் நியாயமானதுதான். ஆனால் வாரிசு எங்கே இருக்கிறார், தன் அப்பா ஒரு நூல் போட்டிருக்கிறார் என்பதாவது அவருக்குத் தெரியுமா என்று தேடிப்போய்க் கேட்க இங்கே ஆளில்லை.

ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் பொன்விழா ஆண்டான 2015-இல் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, அந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் 350-க்கும் மேல் மின்னுருவாக்கினார்கள். 'தமிழ் முர'சின் பழைய இதழ்களையும் அங்கே திரையில் புரட்டலாம். ஈழத் தமிழர்கள் 2005-இல் 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்தைத் தொடங்கினார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம் அது. தாளை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழைக் கணினியில் ஏற்றியதில் மலேசியாவின் பங்கு சின்னதென்றால்கூட மனம் ஆறும். முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த மண்ணின் பிள்ளை. ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் வடித்தது. அவர் தந்தை முரசு நெடுமாறன் இந்நாட்டுக் கவிதைகளைத் தேடித் தேடிச் சேர்த்து 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய'மாகத் தந்தவர். எழுத்துருவும் நம்மிடம் இருக்கிறது, தொகுக்கும் மரபும் நம்மிடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இந்தப் பெட்டி கிடக்கிறது.

ஜூலை 13 - ஞாயிறு

சிரம்பானில் நூல் வெளியீடு. பழைய மாணவி ஒருத்தியின் முதல் சிறுகதைத் தொகுப்பு. மங்கல விளக்கு, தமிழ் வாழ்த்து, நூலாய்வு, அப்புறம் வரிசையில் நின்று நூல் பெறுதல். உறையில் ஐம்பது வெள்ளி வைத்துக் கொடுத்தேன். முதல் நூல் பெற்ற பிரமுகர் பெருந்தொகை கொடுத்தார். நம் எழுத்தாளர்களில் பலர் சொந்தக் காசைப் போட்டு அச்சிடுகிறார்கள். அச்சுக்கூலி திரும்புவது இந்த ஒரு மாலையில்தான். மறுநாள் முதல் மிச்சப் படிகள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.

மின்னூலாகவும் போடேன் என்றேன். "அத மேடையில எப்படி டீச்சர் குடுக்கறது?" என்று கேட்டாள். எத்தனையோ கருத்தரங்கில் கிடைக்காத விளக்கம் அந்த ஒரு கேள்வியில் கிடைத்தது. இங்கே தமிழ்ப் புத்தகத்தைத் தாங்குவது கடை இல்லை, கூடிவரும் சொந்தபந்தம். கையில் வாங்க ஒரு பொருள் இருந்தால்தான் அந்தக் கூட்டம் கூடும். ஆகவே அச்சு வேண்டும் என்று அவளிடம் நானே சொன்னேன். அச்சுக்குப் போன கோப்பை மட்டும் பத்திரமாக வை, நூறு படி விற்றதும் மின்னூலாக்கு என்றும் சொன்னேன். தலையாட்டினாள்.

ஜூலை 16 - புதன்

விடியற்காலை சுமத்ராக் காற்று. கடல் பக்கமிருந்து மழை சாய்ந்து அடித்து, சன்னல் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே உள்ளே வந்துவிட்டது. பெட்டி நனையவில்லை. திறந்துவைத்து மின்விசிறி போட்டேன். உப்புக் காற்றும் புழுக்கமும் சேர்ந்து, எழுபதுகளின் மலிவுத் தாள் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்திருக்கிறது. மடித்த மூலை கையோடு வந்துவிடுகிறது. தைத்த கம்பி துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் பொடிகிறது. ராமபாணப் பூச்சி அட்டைப் பசையைத் தின்றிருக்கிறது.

ஒரு சிறுகதைத் தொகுப்பின் உள்ளட்டையில் மணிமன்றத்து ஊதா முத்திரை. அதன் கீழே அப்பா கோடு போட்டு எழுதிய இரவல் பட்டியல்: பெயர், லயன் எண், எடுத்த நாள், கொடுத்த நாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறார். எடுத்துப்போன நூலை அவருக்கு மகளோ பேரனோ படித்துக் காட்டியிருக்க வேண்டும். உள்ளே இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லப் பிரித்தேன். ஓரத்தில் பழுப்பாய் ரப்பர் பால் கறை. மரம் வெட்டிவிட்டு வந்த கை, பால் காயுமுன் பக்கத்தைப் புரட்டியிருக்கிறது.

வருடிப் படமெடுத்தால் முத்திரை வரும், பட்டியல் வரும், ரேகைகூட வரும். கறை வெறும் நிழலாகத்தான் வரும். அதனால் தாளைத் தூக்கியெறியச் சம்மதிக்க மாட்டேன். ஆனால் கதையைப் படிக்க இந்தத் தாள் இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

ஜூலை 20 - ஞாயிறு

அண்ணன் மகன் வருடி வாங்கிவிட்டான். எடுத்த கோப்பை அமேசானில் ஏற்றினால் பாதுகாப்பு என்றான். நான் மறுத்தேன். 2009 ஜூலையில் ஆர்வெல்லின் '1984' நாவலை, உரிமைச் சிக்கலென்று, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையைப் பணம் திருப்பிக் கொடுத்து மூடியபோது, வாங்கிய நூல்களும் மறைந்தன. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியும் இந்தப் பிப்ரவரியோடு போயிற்று. நாவல் வாங்க அந்தக் கடை எனக்குப் போதும். ஒரே படி மிஞ்சியிருக்கிற நூலை ஒரு கடையிடம் மட்டும் ஒப்படைக்க மாட்டேன். மதுரைத் திட்டம், தேசிய நூலகம், மூன்று பேர் வீட்டு வன்தட்டு என்று பல இடத்தில் இருக்கட்டும்.

அந்தச் சிறுகதைத் தொகுப்பின் ஆசிரியர் மறைந்துவிட்டார். மகள் கிள்ளானில் இருப்பதாகத் தெரிந்து, எண் வாங்கிப் பேசினேன். அவரிடம் ஒரு படிகூட இல்லையாம். அப்பா எழுதியதைப் பத்திரிகைத் துண்டுகளாகத்தான் பார்த்திருக்கிறாராம். மின்னூலாக்கி இலவசமாக வெளியிட உடனே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: முதலில் தனக்கு ஒரு படி அச்சிட்டு, அட்டை கட்டி அனுப்ப வேண்டும்.

உரிமை அவருடைய தம்பிகளுக்கும் உண்டு, ஆகவே எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். ஒப்புதல் கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன், நாளை அஞ்சல். சிரம்பானில் ஒரு படி மட்டும் அச்சிட்டு அட்டை கட்ட என்ன கேட்கிறார்கள் என்று அண்ணன் மகன் விசாரித்துச் சொல்வான்.