குறுந்தட்டில் ஒரு குரல்

சோனி நிறுவனம் 1992ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்த மினிடிஸ்க் எனும் கையடக்க ஒலிக்கருவியைத் தராசிலிட்டுப் பார்ப்போம்.

64 மில்லிமீட்டர் குறுக்களவுடைய தட்டு. தூசியும் கீறலும் அணுகாது காக்கும் உறை. 74 நிமிட ஒலியை ஏற்கும். அழித்து மீண்டும் பதியலாம். சில விநாடி ஒலியை முன்னரே நினைவில் ஏற்றிக்கொள்வதால், நடையில் குலுங்கினாலும் இசை அறுபடாது. இவை நிறைகள்.

ஒலியை ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகச் சுருக்கியே அது பதிகிறது. நுண்செவியினர் இதனைக் குறையென்பர். யான் காணும் பெருங்குறை வேறு. மறைந்த என் உஸ்தாதின் பாடமொன்று அத்தகைய தட்டில் உள்ளது. சோனியோ 2013இல் கருவிகளையும், 2025இல் வெற்றுத் தட்டுகளையும் கைவிட்டது. தட்டு பழுதின்றி இருக்கிறது. அதனைப் பேசவைக்கும் கருவியே அருகி வருகிறது.

குரல் ஓர் அமானிதம், அன்பர்களே! கருவி இயங்கும்போதே அதனை வேறொரு கலத்திற்கு மாற்றிவைப்பதே அறிவுடைமை.