இரண்டாவது பெடல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் ‘பாண்டிக்குப் போறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து ஸீட் ஆசாமி ஒரு கண்ணை மூடிச் சிரிப்பார். மணக்குள விநாயகருக்கு வேண்டுதல் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். ஊருக்கு அப்படி ஒரு பெயர். ஜூன் 21-ஐ ஒட்டிப் போகிறவர்களை மட்டும் கொஞ்சம் நம்பலாம். அப்போது அங்கே கிடைக்கிற போதை, காது வழியாக ஏறுவது.

1982-ல் பிரான்ஸின் கலாசார மந்திரி ஜாக் லாங் ஆரம்பித்து வைத்த சமாசாரம் இது. வருஷத்திலேயே பகல் நீளமான நாளில், வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்து வாசியுங்கள் என்றார்கள். டிக்கெட் கிடையாது. வாசிப்பவருக்குச் சம்பளமும் கிடையாது. பெயர் ‘ஃபெத் தெ லா மியூசிக்’. ‘ஃபெத்’ என்றால் விழா. எழுத்தை மாற்றி அதே உச்சரிப்பில் சொன்னால் ‘செய்யுங்கள்’. கி.வா.ஜ. கேட்டிருந்தால் கைகுலுக்கியிருப்பார்.

1889-லிருந்து பாண்டியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்ஸேஸ் புண்ணியத்தில் இங்கேயும் இந்த விழா உண்டு. பாரீஸில் அன்றைக்குச் சூரியன் மறைய ராத்திரி பத்து மணி ஆகிவிடும். நம்ம ஊர்ச் சூரியன் ஆறரை தாண்டியதும் கடையைக் கட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு 2015-லிருந்து அதே தேதி சர்வதேச யோகா தினம் வேறு. காலையில் சவாசனம், சாயங்காலம் அந்தச் சவத்தை எழுப்பி உட்கார வைக்கிற டிரம்ஸ்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கிற தெரு ஒன்றின் முனையில்தான் அந்த நாலு பேரைப் பார்த்தேன். சென்னை கோஷ்டி. தலையில் முடி கம்மி, தொப்பை ஜாஸ்தி. கறுப்பு டி-ஷர்ட் மட்டும் பழைய விசுவாசம். காலேஜ் நாட்களில் மெட்டல் வாசித்தவர்கள். 2007 மார்ச் 17-ல் அயர்ன் மெய்டன் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது ரயிலில் நின்றுகொண்டே போனவர்கள். இப்போது பாங்க், இன்ஷூரன்ஸ், ஆடிட்டர் ஆபீஸ், ஸாஃப்ட்வேர். ‘பேர் போட்டுடாதீங்க ஸார், மேனேஜர் இந்தப் பத்திரிகை படிப்பார்.’

இப்போது இவர்கள் வாசிப்பது ஹார்ட் ராக். அது மெட்டலுக்குப் பெரியப்பா முறை. ‘ஏன் ஸார் மெட்டலை விட்டுட்டீங்க?’ என்றேன். டிரம்மர் பதில் சொல்லாமல் முழங்காலைத் தட்டிக் காட்டினார். மெட்டலில் இரண்டு காலுக்கும் தனித்தனி பெடல். தையல் மெஷின் வேகத்தில் மிதிக்க வேண்டும். பாடகர் தொண்டையைக் காட்டினார். அடிவயிற்றிலிருந்து உறுமிவிட்டு மறுநாள் கவுண்டரில் ‘குட்மார்னிங்’ சொன்னால் கஸ்டமர் பயந்துவிடுகிறாராம்.

எனக்கென்னவோ இதில் கேவலம் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது. டிக்கெட் வாங்காத கூட்டம் இரக்கமே இல்லாதது. பிடிக்காவிட்டால் அடுத்த முனைக்கு நடந்துவிடும், அங்கே வேறு யாராவது புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் டீப் பர்ப்பிளின் 1972 ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ எடுத்தார்கள். ஆரம்ப கிடார் மொத்தமே நாலு ஸ்வரம்தான். நம் கணக்கில் ஸட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம். இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து! மியூசிக் அகாடமி மாமா எழுந்து காண்டீனுக்குப் போய்விடுவார். ஆனால் பாண்டியில் சுண்டல் விற்கிற பையன் தூக்கில் தாளம் போட்டான். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டி நகரவே இல்லை.

பிரெஞ்சுக்காரனுக்கும் இந்தச் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தமே உண்டு. பிரான்ஸின் ‘டிரஸ்ட்’ கோஷ்டி டிரம்மர் நிக்கோ மெக்பிரைன் 1982-ல் அயர்ன் மெய்டனுக்குப் போனார்; அங்கிருந்த கிளைவ் பர் டிரஸ்டுக்கு வந்தார். பெங்களூரில் நம்மவர்கள் வாய் பிளந்து பார்த்தது அந்த நிக்கோவைத்தான். 2024 ஜூலை 26-ல் பாரீஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், மேரி ஆன்டனெட் சிறையிருந்த கட்டடத்தில் நின்று ‘கோஜிரா’ என்ற மெட்டல் கோஷ்டி வாசித்ததை உலகமே பார்த்தது. நம்ம ஊரில் அரசு விழாவுக்கு மெட்டலா? மூச்!

மணி 9.45. பத்துக்கு மேல் தெருவில் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வந்து வாட்சைக் காட்டிவிட்டு ஓரமாக நின்றார். அப்போதுதான் டிரம்மர் ஒரு மஞ்சப்பையிலிருந்து அதை எடுத்தார். இரண்டாவது பெடல்.

‘டேய், வேணாம்டா’ என்றார் பாங்க். ‘கூட்டம் கலைஞ்சுடும்.’

‘கலையட்டும். நாம எழுதின பாட்டுடா. வாசிச்சுப் பதினெட்டு வருஷமாச்சு.’

‘உன் கால்?’

‘நாலு நிமிஷம்தானே?’

பாடகர் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். வாசித்தார்கள். அதுவரை அடக்க ஒடுக்கமாக இருந்த ஸ்பீக்கர் அதிர்ந்தது. பாங்க் சொன்னது சரி. பாதிக் கூட்டம் கலைந்தது. சுண்டல் பையன் காதைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது நிமிஷத்தில் டிரம்மரின் இடது கால் பின்தங்கியது. கிடார்காரர் திரும்பிப் பார்த்தார்; வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். டிரம்மர் தலையை ஆட்டி மறுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார்.

9.58. கைதட்டல் ஏழெட்டுப் பேர் இருக்கும். பாட்டி நிஜமாகவே தட்டினார்.

‘முடிஞ்சுதாப்பா?’ என்றார் போலீஸ்காரர். ‘முன்னாடி வாசிச்சது நல்லா இருந்துச்சு. கடைசில ஏன் சண்டை போட்டீங்க?’

டிரம்மர் நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்து சிரித்தார், எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மெடிக்கல் ஷாப் திறந்திருக்குமா என்று விசாரித்துக்கொண்டே பெடலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்.