தில்லையில் தோற்றவளுக்கும் ஒரு கோயில்

சிதம்பரத்திற்கு இதுவரை எத்தனை முறை சென்றிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. மற்ற எல்லாவற்றிற்கும் கணக்கு வைத்திருக்கிறேன். 36 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவனை அந்தப் பழக்கம் எளிதில் விட்டுவிடுவதில்லை. சென்ற ஆவணி மாதம் நானும் என் மனைவியும் 13 வயதுப் பேத்தியும் சென்றுவந்த தில்லைப் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். பேரன் பேத்திகளை நாட்டிய வகுப்புக்கு அழைத்துச் செல்லும் என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு இது பயன்படக்கூடும்.

பேத்தி ஏழாவது வயதில் ஒரு விஜயதசமி நாளில் தட்டடவு தொடங்கினாள். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். ஆகவே வகுப்புக்கு அழைத்துச் செல்வதும், வாசலில் காத்திருப்பதும், போட்டிகளுக்கு உடன் போவதும் என் பொறுப்பாயின. மகிழ்ச்சியுடன்தான் ஏற்றேன். அத்துடன் ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டேன். போட்டி நடந்த நாள், ஆடிய உருப்படி, தாளத்திற்கு எத்தனை மதிப்பெண், அபிநயத்திற்கு எத்தனை, கிடைத்த இடம், எங்கே தவறினாள் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டு எழுதிவந்தேன். வங்கியில் இருப்புக் குறிப்பு எழுதியதைப் போலவே சிவப்பு மையும் உண்டு.

ஆடி மாதக் கடைசியில் மாவட்ட அளவில் ஒரு போட்டி நடந்தது. ஜதியின் நடுவே அவள் ஒரு தட்டு தவறவிட்டாள். சமாளித்து முடித்தாள் என்றாலும் எந்த இடமும் கிடைக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்தவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "மூணாவது ஆவர்த்தனத்துல விட்டுட்டியே" என்பதுதான். வீடு வரும்வரை ஆட்டோவில் அவள் பேசவில்லை. மறுநாள் சலங்கையைப் பட்டுத் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, "இனிமே வேண்டாம் பாட்டி" என்றாளாம். என்னிடம் சொல்லவில்லை.

அவளது நாட்டிய ஆசிரியையைச் சென்று பார்த்தேன். அந்த அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, தப்பைச் சொல்றதுக்கு நான் இருக்கேன். குழந்தை மேடையை விட்டு இறங்கினா நீங்க முதல்ல தண்ணி கொடுங்க" என்றார். பிறகு, "ஒருமுறை சிதம்பரம் அழைச்சுண்டு போங்கோ. ஆடச் சொல்லாதீங்கோ. சும்மா பார்த்துட்டு வரட்டும்" என்றார்.

திருச்சியிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டோம். தஞ்சாவூர் நிலையத்தில் வண்டி நின்றபோது, அவ்வூர்க் கிளையில் பணியாற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பற்றிய நூல்களை வாசிப்பது அக்காலத்தில் என் பொழுதுபோக்கு. இராஜராஜ சோழர் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் மகளிர் 400 பேரைத் தஞ்சைக்கு வரவழைத்துக் குடியமர்த்தினார். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அவர்களைக் குறிக்கிறது. ஒவ்வொருவரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் அந்தக் கல்வெட்டை நான் எப்போதும் வியந்ததுண்டு. அன்று ரயிலில் அமர்ந்தபடி எண்ணியபோதுதான் ஒன்று உறைத்தது. அதுவும் ஒரு பேரேடுதான். ஆனால் ஆடுபவளுக்கு வீடு எது, அவளுக்கு உரிய நெல் எவ்வளவு என்பதே அதில் இருக்கிறது. 400 பேருக்கும் ஒரே அளவு பங்கு. ஆடுபவரைத் தாங்குவது என்றால் என்ன என்று அந்த மன்னருக்குத் தெரிந்திருந்தது. என் நோட்டுப் புத்தகத்திலோ அவள் எங்கே தவறினாள் என்பது மட்டும்தான் இருந்தது.

கும்பகோணம், மயிலாடுதுறை, சீர்காழி கடந்து கொள்ளிடப் பாலத்தின்மேல் வண்டி சென்றபோது, பேத்தி சன்னல் கம்பியில் முகம் பதித்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு விரல்கள் மட்டும் தொடையில் மெல்லத் தாளம் போட்டன. நான் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

கீழைக் கோபுர வாயில் வழியாகக் கோயிலுக்குள் நுழைந்தோம். தில்லைக் கோபுரங்களின் வாயிற்சுவர்களில் நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்களும் சிற்பங்களாக அடுக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். கீழைக் கோபுரத்தில் சிற்பங்களுடன் அவற்றிற்குரிய சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நாட்டியம் பயிலும் எந்தக் குழந்தையும் அங்கே நின்று அண்ணாந்து பார்க்கும். என் பேத்தி தலைகுனிந்தபடி கடந்து சென்றாள். மனைவி என் கையை அழுத்தினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சிற்சபையில் ஆனந்த நடராஜரையும் சிவகாமி அம்மையையும் தரிசித்தோம். திரை விலகிச் சிதம்பர ரகசியமும் காணக் கிடைத்தது. பிறகு, தெற்கு நோக்கி ஆடும் பெருமானுக்கு எதிரே அமைந்த நிருத்த சபைக்கு வந்தோம். தில்லையின் ஐந்து சபைகளுள் இது ஒன்று. சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் போன்ற அமைப்பு. தூண்கள்தோறும் நுணுக்கமான சிற்பங்கள். இங்குதான் இறைவன் காளியுடன் ஆடலில் போட்டியிட்டு வென்றார் என்பது தலபுராணம். அந்த ஊர்த்துவ தாண்டவ மூர்த்திக்கு இங்கே சந்நிதி உண்டு.

அங்கிருந்த முதிய தீட்சிதர் ஒருவர் கதையைப் பேத்திக்குச் சொன்னார். ஐயன் ஆடியதையெல்லாம் அம்மையும் ஆடினாள். யாருக்கு வெற்றி என்று தேவர்களாலும் சொல்ல முடியவில்லை. முடிவில் ஐயன் ஒரு காலைத் தலைக்குமேல் உயர்த்தி நின்றார். அம்மை அதைச் செய்யாமல் நின்றுவிட்டாள். போட்டி முடிந்தது.

போட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பேத்தியின் முகம் மாறியதைக் கவனித்தேன். அழைத்து வந்தது தவறோ என்றுகூடத் தோன்றியது. அவள் சற்று நேரம் மூர்த்தியைப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, காளியால அதை ஆட முடியலையா, இல்ல வேண்டாம்னு விட்டாளா?"

தீட்சிதர் சிரித்தார். "நல்லாக் கேட்டே குழந்தே. ஆடத் தெரியாம நிக்கலை. அந்த ஒண்ணை ஆட மாட்டேன்னு நின்னா."

"அப்புறம் அவ என்ன ஆனா?"

"ஊர் எல்லைக்குப் போயிட்டா. கோபத்தோட போனவளைப் பிரம்மா வந்து துதிச்சுச் சாந்தப்படுத்தினார். இங்க சேவிச்சவா அங்கயும் போய்ச் சேவிக்கணும். தாத்தாவை அழைச்சுண்டு போகச் சொல்லு."

வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை முறை தில்லைக்குச் சென்றும், தில்லைக் காளி கோயிலுக்கு நான் போனது இரண்டு முறைதான். வென்றவரைத் தரிசித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவது என் வழக்கமாக இருந்திருக்கிறது.

நடராஜர் கோயிலுக்கு வடக்கே, நகரின் எல்லையில் உள்ளது அக்கோயில். 13-ஆம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் எடுப்பித்தது என்பர். கிழக்கு நோக்கிய சந்நிதியில் உக்கிரமான காளி. மேற்கு நோக்கிய சந்நிதியில் நான்கு முகங்களுடன் சாந்தமே உருவான பிரம்ம சாமுண்டீஸ்வரி. இருவரும் ஒருவரே என்பது ஐதிகம். குங்குமம் மணக்கும் சந்நிதியில் கைக்குழந்தையுடன் வந்த இளம் தாய்மார்களும், எண்ணெய் விளக்கேற்றும் பெண்களும் நிறைந்திருந்தனர். எங்கள் முன்னே நின்ற மூதாட்டி ஒருவர் கண்ணீர் மல்க ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார்.

பேத்தி இரண்டு சந்நிதிகளையும் மாறி மாறி வலம் வந்தாள். பிறகு பாட்டியின் காதில், ஆனால் எனக்கும் கேட்கும்படி, "தோத்துப்போனவளைப் பார்க்கவா இவ்வளவு பேர் வராங்க?" என்றாள்.

"தோத்தவன்னு யாரும் வரலைடி. அம்மான்னு வராங்க" என்றாள் என் மனைவி.

பிராகாரத்தில் சற்று உட்கார்ந்தோம். அப்போதுதான் அது வெளிவந்தது. பேத்தி வலது குதிகாலைத் தேய்த்துக்கொண்டே, "வலிக்குது" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மாதமாம். போட்டிக்காக நான்தான் வீட்டு மொட்டை மாடியின் சிமெண்டுத் தரையில் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தேன். அரைமண்டியில் அமர்ந்து வெறுங்காலைக் கடினமான தரையில் ஓங்கித் தட்டும் கலை இது. ஒவ்வொரு தட்டும் குதிகாலிலும் முழங்காலிலும் போய் இறங்கும். அன்று மேடையில் அந்த ஒரு தட்டு தவறியது தாளம் மறந்ததால் அல்ல, வலியால்.

"ஏன்டா கண்ணு சொல்லலை?"

"சொன்னா அதையும் நோட்டுல எழுதுவீங்க தாத்தா."

அன்பர்களே, எத்தனையோ தணிக்கையாளர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். இதற்கு என்னிடம் விடை இல்லை. "இனிமே எழுத மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். எதிரே காளி சந்நிதியில் மணி அடித்தது.

மாலையில் நடை திறந்தபின் மீண்டும் நடராஜர் கோயிலுக்குச் சென்றோம். கீழைக் கோபுர வாயிலில் அவளாகவே நின்றாள். சுவரை அண்ணாந்து பார்த்துக் கரணங்களில் முதலாவது எது என்று எனக்குச் சொன்னாள். தலபுஷ்பபுடம். இரு கைகளையும் சேர்த்துக் குவித்து மலர் ஏந்திச் சமர்ப்பிக்கும் நிலை. 108-உம் தொடங்குவது ஓர் அர்ப்பணத்தில்தான். இந்தத் தலத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கிய நாட்டியாஞ்சலியும் அத்தகையதே. மகா சிவராத்திரியை ஒட்டி எங்கெங்கிருந்தோ கலைஞர்கள் வந்து ஆடுகிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது. ஆடுவது ஆடவல்லானுக்கு, அவ்வளவுதான்.

போட்டிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐயனும் அம்மையுமே போட்டியிட்ட ஊர் இது. மேடை அச்சம் தெளியவும், பிற குழந்தைகளின் ஆட்டத்தைக் கண்டு கற்கவும் போட்டி உதவும். உடன் செல்லும் பெரியவர்களுக்குச் சிலவற்றை மட்டும் அனுபவத்தால் சொல்வேன். முந்திய இரவு குழந்தை நன்றாக உறங்கட்டும். ஆடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எளிய ஆகாரம் கொடுத்துவிடுங்கள். மேடை ஏறுமுன் கைகால்களைத் தளர்த்திப் பழக நேரம் விடுங்கள். பயிற்சியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆசிரியரின் உரிமை. வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அன்றே நம்புங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வலிக்கிறது என்று நம்மிடம் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியதும் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். ஆறு வாரம் ஓய்வு என்றார். விஜயதசமியன்று காலை, யாரும் சொல்லாமலே, பேத்தி பூஜை அலமாரியிலிருந்து சலங்கையை எடுத்து என் காலடியில் வைத்து நமஸ்கரித்தாள். வகுப்புக்குச் சென்றோம். நான் வழக்கம்போல் வாசலில் காத்திருந்தேன், தண்ணீர்ப் பாத்திரத்துடன். இவ்வாண்டு போட்டிகளில் கலந்துகொள்வாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். பழைய பக்கங்களை அவள் கிழிக்கவில்லை. மீதமுள்ள பக்கங்களில், தில்லைக் கோபுரத்தில் கண்ட கரணங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் சிறு படமும் வரைந்து வருகிறாள். நேற்று வரை 31 ஆகியிருக்கின்றன. மீதியைச் சரிபார்க்க மீண்டும் ஒருமுறை சிதம்பரம் போகவேண்டும் என்கிறாள். இம்முறை முதலில் காளி கோயிலுக்கு என்று பாட்டியும் பேத்தியும் முடிவு செய்திருக்கிறார்கள்.