மீனுக்கும் ஒரு பாதை

கடையில் வாங்கும் டின் மீனை நாம் ‘செமன்’ என்கிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு மீன். உண்மையான சல்மன் வாழும் இடங்களில் ஒன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆறு.

சல்மன் ஆற்றிலே பொரித்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றையே தேடி வரும். இது அல்லாஹ் அதற்கு வைத்த இயல்பு. ஆனால் மின்சாரத்துக்காக 1913இலும் 1927இலும் முடிக்கப்பட்ட இரண்டு அணைகளில் மீன் ஏற வழியே வைக்கப்படவில்லை. கடலிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் அதன் பயணம் நின்றது. அதை நம்பி வாழ்ந்த க்ளாலம் பழங்குடியினரின் அடுப்புகளிலும் சல்மன் அருகிப் போயிற்று.

2011இல் அணைகளை உடைக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். அத்தோடு விட்டுவிடவில்லை. நீர் வடிந்த நிலத்தில் அந்த மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டார்கள். மீன்கள் ஒதுங்க ஆற்றுக்குள் பெருமரங்களை அடுக்கினார்கள்.

அணைக்கு மேலே அடைபட்டுக் கிடந்தது, வெள்ளையர் நம் நுவரெலியாவுக்கும் கொண்டுவந்த ரெயின்போ ட்ரவுட் இனம். அதில் கடலுக்குப் போய்வரும் மீனைத்தான் ஸ்டீல்ஹெட் என்பார்கள். ஏறக்குறைய நூறு வருடம் கடலைக் காணாத அந்தச் சந்ததியிலிருந்து மீன்கள் கடலுக்குப் போயின; ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பியும் வந்தன. சுப்ஹானல்லாஹ்! 2023 அக்டோபரில் க்ளாலம் மக்கள் தம் ஆற்றில் மீண்டும் சல்மன் பிடித்தார்கள்.

சகோதரிகளே, பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். மீனின் பாதையும் பாதைதான். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் குப்பைப் பையை வீச நினைக்கும்போது, இதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.