மண்டூர்த் துறையும் இரண்டு சபைகளும்

மட்டக்களப்பாருக்கு எழுவான்கரை, படுவான்கரை என்ற பெயர்களை விளக்கத் தேவையில்லை. ஏனைய இடங்களிலிருந்து வாசிக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் கடல் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. பிரதான வீதியும் பெரிய வைத்தியசாலைகளும் எழுவான்கரையில் இருக்கின்றன. வயல்கள் பெரும்பாலும் படுவான்கரையில்.

கல்முனை வீதியில் களுவாஞ்சிக்குடியைத் தாண்டித் தெற்கே போனால் குருமண்வெளி. அங்கிருந்து மேற்கே திரும்பினால் வாவிக்கரை வரும். அக்கரையில் தெரிவது மண்டூர். நடுவே படகுப் பாதை ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் வீதி மட்டுமல்ல, ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையும் பாதைதான்.

தில்லை மரங்கள் நிறைந்திருந்ததால் 'தில்லை மண்டூர்' என்று பெயர் பெற்ற ஊர் இது. இங்குள்ள முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வாய்கட்டிப் பூசை செய்கிறார். புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை 1899இல் பிறந்ததும் இவ்வூரில்தான். ஆவணித் தீர்த்தத்துக்கு எழுவான்கரைச் சனம் பாதையேறி வரும்.

திருவிழா முடிந்த பிறகும் பாதை இல்லாமல் மண்டூருக்கு ஒருநாளும் கழியாது. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் கர்ப்பிணியும், மரக்கறி விற்கப் போகும் பெண்ணும், ரியூசனுக்குப் போகும் பிள்ளையும் இந்தத் துறையில்தான் வந்து நிற்க வேண்டும். தரைவழியாகப் போவதென்றால் வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். மாரி வெள்ளத்தில் மண்டூர் - வெல்லாவெளி வீதி மூழ்கிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

யுத்த காலத்தில் இந்த வாவி எல்லைக்கோடாக இருந்தது. 2007ஆம் ஆண்டு பங்குனியில் படுவான்கரையில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தன. கணவனை இழந்து தனியே குடும்பம் தாங்கும் எத்தனையோ பெண்கள் இன்றும் வாவியைக் கடந்துதான் உழைக்கிறார்கள். அவர்கள் ஏறும் மிதவை பத்திரமானதா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு?

இந்தக் கேள்வியை 2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் கிண்ணியா நமக்குக் கற்பித்தது. குறிஞ்சாக்கேணியில் பாலம் திருத்தப்பட்ட காலத்தில் மக்கள் படகுப் பாதையில் போய்வந்தார்கள். தனியார் ஒருவர் அதனை நடத்த நகரசபை அனுமதி வழங்கியிருந்தது. நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. அன்றே 6 உயிர்கள் போயின. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் அடங்குவர். பிறகு பாதையை நடத்தியவர்களும் நகரசபைத் தலைவரும் கைதானார்கள். கைது செய்வதால் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. அனுமதி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இருந்தன. எத்தனை பேரை ஏற்றலாம்? எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? மிதவையைப் பரிசோதித்தவர் யார்? காற்றடித்தால் நிறுத்தச் சொல்பவர் யார்?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தன் எல்லைக்குள் பொது வழிகளையும் பொதுச் சேவைகளையும் கவனிக்கும் கடமையைச் சபைக்குத் தருகிறது. உபவிதிகள் ஆக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. ஆனால் மண்டூர்க் கரை போரதீவுப்பற்றுப் பிரதேச சபைக்குரியது. குருமண்வெளிக் கரை மண்முனை தென் எருவில்பற்றுச் சபைக்குரியது. நடுவே கிடக்கும் தண்ணீரை 'உங்களுடையது' என்று ஆளுக்காள் தள்ளிவிட இடம் உண்டாகக் கூடாது. இரண்டு சபைகளும் கூடி ஒரே ஒழுங்குவிதியை எழுதலாம். ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை, சேவை நேரம், கட்டணம், முறையிட வேண்டிய அலுவலகம் ஆகியவற்றை இரு துறைகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

மண்முனைத் துறைக்கு 2014ஆம் ஆண்டு பாலம் வந்தது. மண்டூருக்கும் பாலம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் பாலம் வரும் வரைக்கும் பயணம் செய்பவர்களின் உயிரும் உயிர்தானே.

சகோதரிகளே, நாங்கள் செய்யக்கூடியவை உண்டு. 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. உங்கள் சபையின் பெண் உறுப்பினரிடம் இந்த விடயத்தைக் கொண்டு செல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அனுமதிப் பத்திரத்தையும் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும், தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மாதர் சங்கக் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் தயாரித்தால், அதுவே நல்ல தொடக்கமாகும்.

மண்டூருக்குப் போகிறவர்கள் கோயிலைக் கும்பிடுங்கள், வாவியின் அழகைப் பாருங்கள். பாதையில் ஏறுமுன் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கூடுதலாகத் தெரிந்தால் அடுத்த பாதை வரும்வரை நில்லுங்கள், பக்கத்தில் நிற்பவரையும் நிற்கச் சொல்லுங்கள்.