தெற்காவணி மூல வீதியில் தங்கம்

மதுரை மாநகரில் மீனாட்சியம்மன் ஆலயத்தைச் சுற்றிச் சித்திரை, ஆவணி, மாசி என்று மாதங்களின் பெயரால் வீதிகள் அமைந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். அவற்றுள் தெற்காவணி மூல வீதிக்கு மட்டும் தனிப் பிரகாசம் ஒன்று உண்டு. அது நகைக் கடைகளின் வீதி. முகூர்த்த நாட்கள் நெருங்கிவிட்டால் சுற்று ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் இங்கே வந்து கூடுகிறார்கள்.

கடைகளின் உள்ளே தீபாலங்காரத்துக்குக் குறைவில்லை. அவ்வொளியில் எந்தத் தங்கமும் பத்தரை மாற்றாகவே தோன்றும். ஆகையால் கண்ணை நம்பாமல் முத்திரையை நம்புவதே உசிதம். 2021-ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாயிற்று. முக்கோணச் சின்னம், 22 காரட்டானால் 916 என்னும் மாற்று எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி ஆகிய மூன்றும் நகையில் இருத்தல் வேண்டும். அந்தக் குறியைக் கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியிலே இட்டுப் பார்த்தால் நகையின் பூர்வோத்தரம் தெரிந்துவிடும். இரண்டு கிராமுக்குட்பட்ட சிறு உருப்படிகளுக்கு இதில் விலக்கு உண்டு.

பெரிய வீதியை விட்டுச் சந்துகளில் நுழைந்தால் பொற்கொல்லரின் பட்டறைகளைக் காணலாம். அரம் ராவும்போது உதிரும் துகளும், மெருகிடும்போது தேய்வதுமே சேதாரம் எனப்படுவது. கைவேலைக்கு அது நியாயமான கணக்குத்தான். ஆனால் இயந்திரத்தில் வார்த்த சங்கிலிக்கும் அதே விகிதத்தை விதித்தால், 'ஏன்?' என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. சேதாரம் நூற்றுக்குப் பதினைந்து என்றால், 8 கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு 1.2 கிராம் பொன்னின் விலையை அதிகமாகக் கொடுக்கிறோம். பத்துப் பவுனுக்கு 12 கிராம். அதாவது ஒன்றரைப் பவுன்! பலகையில் எழுதிய அன்றைய விலை கடைக்குக் கடை அதிகம் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் செய்கூலியும் சேதாரமுமே. பேரம் பேச வேண்டிய இடமும் அதுவே.

கல் பதித்த நகையானால் கல்லின் எடையைக் கழித்துப் பொன்னின் நிகர எடையைத் தனியே எழுதச் சொல்ல வேண்டும். இல்லையேல் கண்ணாடிக் கல்லையும் தங்க விலைக்கு வாங்கினவர்களாவோம். எடை, மாற்று, கல், செய்கூலி, சேதாரம், வரி ஆகிய யாவும் வெவ்வேறு வரிகளில் கண்ட ரசீதின்றிப் படியிறங்கலாகாது. முத்திரையிட்ட மாற்றில் குறைவு காணப்பட்டால், குறைந்த மதிப்பின் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் பெற 2018-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. கேட்பதற்குக் கையில் ரசீது இருக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் பெண்ணின் கழுத்திலுள்ள பொன் வெறும் அலங்காரமன்று. மழை பொய்த்தாலும் வேலை போனாலும் வீட்டைத் தாங்கும் கடைசித் தூண் அது. வாங்குவது மங்கள நாளில்; விற்பதோ அடகு வைப்பதோ துன்ப நாளில். அந்நாளில் செய்கூலி திரும்பாது, சேதாரம் திரும்பாது, வரியும் திரும்பாது. பொன்னின் நிகர எடை ஒன்றே துணை நிற்கும். எனவே தெற்காவணி மூல வீதிக்குச் செல்லும் தாய்மார்கள், அட்டிகையின் அழகைப் பார்த்த பின், அதன் எடையையும் ஒருமுறை அந்தத் துன்ப நாளின் கண்ணோடு பார்ப்பார்களாக.